மூக்கு டியூபா, வயிற்று டியூபா, இன்னும் காத்திருப்பதா? ஆஸ்பத்திரியில் இருக்கும் கைக்குழந்தையின் பெற்றோருக்கு

"இனி ஜி டியூப் பற்றி யோசிக்கலாம்" என்று, அதாவது வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குள் வைக்கும் குழாயைப் பற்றி டாக்டர் சொன்னதும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, "எந்த டியூப் நல்லது?" என்றுதான். அதற்குப் பொதுவான பதில் கிடையாது. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குழந்தை ஏன் வாயால் போதிய அளவு குடிக்கவில்லை? அந்தக் காரணம் சரியாக எவ்வளவு காலம் ஆகும்? இவை இரண்டுக்கும் நேரான பதில் வாங்கிவிட்டால் (அந்தப் பதில் "இப்போதைக்குச் சொல்ல முடியாது" என்றாலும்கூட) டியூப் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

காரணம் என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வர ஏறக்குறைய 32 முதல் 34 வாரக் கர்ப்ப வயதாவது (பிறந்த பின் கடந்த வாரங்களையும் சேர்த்து) ஆக வேண்டும். பலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது நாட்கள் மட்டுமே. இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு விழுங்கத் தெரியும், ஆனால் பாதிப் பாலிலேயே களைத்துவிடும். அறுவை சிகிச்சை முடிந்து இதயம் தேறினால் அதுவே குடிக்க ஆரம்பிக்கலாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வளைவில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அருகில் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டு இடது குரல் நாண் அசையாமல் போவதுண்டு. அழுகை கம்மிப்போய்க் கேட்கும், பால் மூச்சுக்குழாய்ப் பக்கம் நழுவும். இது சில மாதங்களில் தேறலாம், தேறாமலும் போகலாம். பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தை, தசைத் தளர்ச்சி நோய் உள்ள குழந்தை இவர்களுக்கு வருடக்கணக்கில் டியூப் தேவைப்படலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் "பால் குடிக்காத குழந்தை"தான். டியூப் முடிவு மட்டும் ஒவ்வொருவருக்கும் வேறு.

புரையேறுகிறதா என்பது தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். இருமல் வந்தால்தான் புரையேறுகிறது என்று நினைப்பது ஆபத்து. கைக்குழந்தைகளில் பலருக்கு இருமலே இல்லாமல் பால் நுரையீரலுக்குள் போகும். குடித்த பிறகு மூச்சு கரகரவென்று ஈரமாகக் கேட்பது, கண்ணில் நீர் கட்டுவது, குடிக்கும்போது ஆக்சிஜன் அளவு இறங்குவது, அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவை அதன் அடையாளங்கள். உறுதி செய்ய எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குவதைப் பார்க்கும் பரிசோதனை உண்டு. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பதும் உண்டு. வயிற்று டியூப் பேச்சு எழுந்த பிறகும் இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். பாலைக் கெட்டியாக்கிக் கொடுப்பது சில குழந்தைகளுக்கு உதவும். ஆனால் அதை நீங்களாகத் தொடங்காதீர்கள். சாந்தன் பசை கலந்த ஒரு கெட்டியாக்கியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. உயிரைப் பறிக்கும் குடல் அழற்சி சில குழந்தைகளுக்கு வந்ததே அதற்குக் காரணம்.

மூக்கு டியூப்

மூக்கில் நுழைந்து தொண்டை வழியாக இரைப்பை வரை போகும் மெல்லிய குழாய் இது. அளவு ஃபிரெஞ்சு எண்ணில் சொல்லப்படும். ஒரு ஃபிரெஞ்சு என்பது வெளி விட்டத்தில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மிகச் சிறிய குழந்தைக்கு 5, நிறைமாதக் குழந்தைக்கு 6 அல்லது 8 போடுவது வழக்கம். பி.வி.சி.யால் ஆனது சில நாட்களிலேயே விறைத்துப்போகும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். பாலியூரித்தேன் டியூப் மென்மையானது; தயாரிப்பைப் பொறுத்து நான்கு வாரம் வரை வைக்கலாம். வீட்டுக்குப் போவதாக இருந்தால் இந்த இரண்டாவது வகையைக் கேளுங்கள். குழந்தையின் மூக்கு படும் பாடு குறையும்.

மயக்க மருந்து வேண்டாம், அறுவை சிகிச்சை வேண்டாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். இவைதான் இதன் பெரிய பலம். "இன்னும் சில வாரம்" என்ற நிலையில் உள்ள குழந்தைக்கு இதைவிட ஏற்றது இல்லை.

பலவீனங்களையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். ஒரு துவாரத்தை டியூப் அடைத்துக்கொண்டால் மூச்சுக்கு உழைப்பு கூடும். மிகச் சிறிய குழந்தைக்கு இதனாலேயே சில நேரம் வாய் வழியாகப் போடுகிறார்கள். இரைப்பையின் மேல் வாய் முழுதாக மூடாதபடி டியூப் நடுவில் நிற்பதால் பால் எதுக்களிப்பது அதிகமாகலாம். தொண்டையில் எப்போதும் ஒரு பொருள் உரசிக்கொண்டே இருப்பதால் சில குழந்தைகள் ஓங்கரிக்கப் பழகி, வாய்க்கருகில் எது வந்தாலும் முகத்தைத் திருப்பத் தொடங்கும். நான்கைந்து மாதம் ஆனதும் கை சும்மா இருக்காது. டியூபைப் பிடித்து இழுத்துவிடும். ஒவ்வொரு முறையும் மறுபடி சொருக வேண்டும். அழுகை, கன்னத்தில் பிளாஸ்திரிப் புண், மீண்டும் இடம் சரிபார்த்தல்.

இடம் சரிபார்ப்பதில் ஒரு நாளும் சலுகை கிடையாது. மூக்கு டியூபில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து, நுனி நுரையீரலில் இருக்கும்போது பாலை விடுவதுதான். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, சிரிஞ்சில் காற்றை அடித்து, சத்தம் கேட்டால் சரி என்று சொல்லும் பழைய முறையை நம்பக் கூடாது. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கும். சரியான முறை இது. சொருகும் முன் மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை அளந்துகொள்ள வேண்டும். மார்பெலும்பு நுனியோடு நிறுத்தும் அளவு பல குழந்தைகளுக்குக் குறைவாகிவிடுகிறது. சொருகிய பிறகு மூக்கு ஓரத்தில் எந்தச் சென்டிமீட்டர் கோடு நிற்கிறது என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை பால் விடும் முன்னும், வாந்திக்குப் பிறகும், பலமான இருமலுக்குப் பிறகும் அந்தக் கோட்டைப் பாருங்கள். பிறகு சிரிஞ்சால் கொஞ்சம் இரைப்பை நீரை இழுத்து பி.எச். தாளில் (அமில அளவைக் காட்டும் தாள்) விடுங்கள். 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரைப்பையில் இருப்பதாகக் கொள்ளலாம். சில ஆஸ்பத்திரிகள் 5 என்று வரம்பு வைக்கும்.

நீர் வரவில்லை என்றால் குழந்தையை இடது பக்கமாகப் படுக்க வைத்துப் பதினைந்து, இருபது நிமிடம் பொறுத்து மறுபடி இழுங்கள். டியூப் நுனி இரைப்பைச் சுவரில் ஒட்டியிருந்தால் ஒன்றிரண்டு மி.லி. காற்று விட்டு விலக்கலாம். ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பார்ப்பதையும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அப்படியும் வரவில்லையா, அல்லது அளவு 5.5-க்கு மேலா? பால் விடாதீர்கள். அமிலம் குறைக்கும் மருந்து வாங்கும் குழந்தைக்கும், இப்போதுதான் பால் விட்ட குழந்தைக்கும் எண் உயர்ந்தே காட்டும். அப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன வரம்பு, சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேவுக்கு எங்கே வருவது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே எழுதி வாங்குங்கள்.

இரைப்பையைத் தாண்டிப் போகும் டியூப்

இரைப்பை பாலைத் தாங்கவே இல்லை, விட்டதெல்லாம் மேலே வருகிறது, நெஞ்சுக்குள் போகிறது என்ற நிலையில் டியூபைச் சிறுகுடல் வரை கொண்டுபோவார்கள். இதை வைக்கப் பெரும்பாலும் எக்ஸ்ரே உதவி வேண்டும். கழன்றால் வீட்டில் போட முடியாது, ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். சிறுகுடலுக்கு இரைப்பை போலத் தேக்கிவைக்கும் இடம் இல்லாததால் மொத்தமாகப் பால் விட்டால் வயிற்றுப்போக்கும் சோர்வும் வரும். ஆகவே பம்பில் மெதுவாக, நாளில் பதினெட்டு முதல் இருபத்திநான்கு மணி நேரம் ஓட வேண்டும். மெல்லிய நீண்ட குழாய் என்பதால் அடைப்பும் சுலபம். நசுக்கிக் கரைத்த மாத்திரையை இதில் விடவே கூடாது. அதோடு, எல்லா மருந்தும் குடலில் நேராக விடத் தக்கதல்ல. ஒவ்வொன்றையும் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை நிரந்தர ஏற்பாடாகப் பார்ப்பதைவிட ஒரு சோதனையாகப் பார்ப்பது நல்லது. இரைப்பையை ஒதுக்கிச் சில வாரம் பால் கொடுத்து நெஞ்சு தெளிகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்தால், அடுத்து வரும் பெரிய முடிவுக்கு அது பதில் சொல்லும்.

வயிற்று டியூப்

வயிற்றுச் சுவரில் துளையிட்டு நேராக இரைப்பைக்குள் வைப்பது இது. ஜி டியூப் என்பார்கள். எண்டோஸ்கோப் (வாய் வழியாக இரைப்பைக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக வைத்தால் பெக். அந்த எண்டோஸ்கோப் முறையே ஒரு கைக்குழந்தைக்காகத் தொடங்கியதுதான். 1979 ஜூனில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மைக்கேல் காடரரும் ஜெஃப்ரி பான்ஸ்கியும் நாலரை மாதக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலில் இதைச் செய்தார்கள். அதற்கு முன் வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டியிருந்தது.

இன்று முன்னால் இருப்பவை முக்கியமாக இரண்டு. பெக்கில் வயிற்றில் தையல் இல்லை, நேரம் குறைவு. ஆனால் முதலில் வெளியே நீண்டு தொங்கும் குழாயோடு சில மாதம் இருக்க வேண்டும். அதைப் பட்டனாக (தோலோடு ஒட்டியிருக்கும் குட்டை டியூப்) மாற்றும்போது இன்னொரு முறை மயக்க மருந்து தேவைப்படலாம். எண்டோஸ்கோப்பில் இரைப்பையின் உட்புறம் மட்டும் தெரிவதால், நடுவில் பெருங்குடல் சிக்கிக்கொள்ளும் அபாயமும் சிறிதளவு உண்டு. லேப்ராஸ்கோப் முறையில் (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை விடுவது) வெளிப்புறத்திலிருந்து பார்த்து, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்து, பெரும்பாலும் அன்றைக்கே பட்டனை வைத்துவிடலாம். முன்பு வயிற்று அறுவை சிகிச்சை நடந்த குழந்தை, உடலமைப்பு மாறியுள்ள குழந்தை என்றால் இந்த முறையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் இதே எடையுள்ள குழந்தைகளுக்கு எந்த முறையை அடிக்கடி செய்கிறார்கள் என்பதற்கும் மதிப்பு உண்டு. பழகிய கைக்குச் சிக்கல் குறைவு.

மயக்க மருந்தைப் பற்றிய பயம் நியாயமானதே. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமும், திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமும் வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே முறை மயக்கம் வாங்கிய கைக்குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து அறுவை சிகிச்சை நடந்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது அறிவு வளர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நடைமுறையில் கேட்க வேண்டியது, "வேறு ஏதாவது சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப்போகிறீர்களா, அதோடு இதையும் சேர்த்து முடிக்க முடியுமா?" என்பதே. இதயம் அல்லது நுரையீரல் பலவீனமான குழந்தைக்கு மயக்கத்தின் உடனடி அபாயமே பெரியது. அதற்குக் குழந்தைகள் இதய மயக்க மருந்து நிபுணர் இருக்கும் இடம் வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் துளை ஆறி, உள்ளே ஒரு நிலையான பாதை அமைய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பெக் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். இந்தக் காலத்தில் டியூப் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் சொருக முயலாதீர்கள். இரைப்பை வயிற்றுச் சுவரிலிருந்து பிரிந்து, டியூப் நுனி வயிற்றுக் குழிக்குள் போய்விடக்கூடும். அங்கே பால் போனால் உயிருக்கே ஆபத்து. சுத்தமான துணியால் மூடி, பால் எதுவும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாதை பழகிய பிறகு நிலைமை தலைகீழ்: ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும் என்பதால், கற்றுக்கொடுத்தபடி நீங்களே உடனே மாற்றுப் பட்டனைச் சொருக வேண்டும். அதே அளவில் ஒன்றும், ஓர் அளவு சின்னதாக ஒன்றும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பட்டன் தோலோடு ஒட்டிப் படுத்திருக்கும் சின்ன மூடி மாதிரியானது. அதை உள்ளே நிறுத்துவது நீர் நிரப்பிய சிறு பலூன். வாரம் ஒரு முறை சிரிஞ்சால் அந்த நீரை முழுக்க இழுத்து அளவு பாருங்கள். பட்டனில் அச்சிட்டிருக்கும் அளவுக்கும் டாக்டர் சொன்ன அளவுக்கும் ஒத்துவர வேண்டும். காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) அல்லது ஊசிக்குப் பயன்படும் கிருமியற்ற நீரை மட்டும் விடுங்கள். உப்புநீர் உள்ளே படிகமாகிக் குழலை அடைக்கும். காற்று தானாக வெளியேறிவிடும். வாரா வாரம் நீர் குறைந்துகொண்டே வந்தால் பலூன் கசிகிறது; மாற்றும் நாள் நெருங்கிவிட்டது. வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

அடிக்கடி வரும் தொல்லைகள் இரண்டு. துளையைச் சுற்றிச் சிவந்த, ஈரமான, தொட்டால் ரத்தம் வரும் சதை வளர்வது ஒன்று. டியூப் அசைந்து அசைந்து உரசுவதுதான் முக்கியக் காரணம். டியூபை நன்றாக நிலைநிறுத்துவதும் தோலை உலர்வாக வைப்பதும் முதல் மருந்து. அதன் பிறகுதான் ஸ்டீராய்டு களிம்பும் வெள்ளி நைட்ரேட்டும். பால் கசிவது இன்னொன்று. அதற்குப் பெரிய அளவு டியூப் போடச் சொல்ல வேண்டாம். துளைதான் மேலும் பெரிதாகும். பலூன் நீர், பட்டனின் தண்டு நீளம், மலச்சிக்கல், வயிற்றில் தேங்கிய காற்று, பால் விடும் வேகம் என்று வரிசையாகப் பாருங்கள். குழந்தை எடை ஏறும்போது தண்டு நீளமும் போதாமல் போகும். பட்டன் தோலில் அழுத்தமாகப் பதிந்து தடம் விட்டால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

இது எதைத் தீர்க்காது என்பதும் தெரிய வேண்டும். எச்சில் புரையேறுவதை வயிற்று டியூப் நிறுத்தாது. எதுக்களிப்பைக் குணமாக்காது. எதுக்களிப்பு கடுமையாக இருந்தால் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழலைச் சுற்றி இறுக்கித் தைக்கும் அறுவை சிகிச்சையையும் கூடவே செய்யலாமா என்று கேட்பார்கள். அதைச் செய்த பிறகு சில குழந்தைகளால் ஏப்பமும் விட முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. வெறும் ஓங்கரிப்பு மட்டும் நிற்காமல் வரும். நரம்பு பாதிப்புள்ள குழந்தைகளுக்கு அந்தத் தையல் நாளடைவில் தளர்வதும் உண்டு. அவசரமில்லை என்றால் முதலில் மூக்கு டியூபில் இரைப்பை பாலைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, தாங்கினால் வயிற்று டியூப் மட்டும் போதும் என்பதே எங்கள் பார்வை. வயிற்று டியூபுக்குள் இன்னொரு குழாயைக் குடல் வரை விடும் வழியும் இருக்கிறது. எடை குறைந்த சிறு குழந்தைகளில் அது குடல் செருகலையும் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது), அரிதாகக் குடல் துளையையும் உண்டாக்கலாம். பச்சை நிற வாந்தி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

எந்தக் கட்டத்தில் மாறுவது?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வரம்பு மாறும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தாலே வயிற்று டியூப் பேச்சைத் தொடங்கும் குழுக்கள் இருக்கின்றன; மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்க்கும் குழுக்களும் இருக்கின்றன. காலெண்டரைவிடப் போக்கைப் பாருங்கள். போன வாரம் வாயால் பத்து சதவீதம், இந்த வாரம் முப்பது என்றால் மூக்கு டியூபோடு காத்திருக்கலாம். நான்கு வாரமாக அதே பதினைந்து மி.லி.யில் நிற்கிறது, டியூப் தினமும் பிடுங்கப்படுகிறது, கன்னம் புண்ணாகிவிட்டது, டியூபைக் கண்டாலே குழந்தை நடுங்குகிறது என்றால், காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுப்பது குழந்தை. வயிற்று டியூப் போட்ட பிறகு முகம் விடுபட்டு, வாயால் குடிக்க முன்னைவிட ஆர்வம் காட்டும் குழந்தைகள் இருக்கிறார்கள். தேவை தீர்ந்தால் அதையும் எடுத்துவிடலாம். பெரும்பாலும் துளை தானாக மூடிக்கொள்ளும். பல மாதம் இருந்த துளைக்குச் சில சமயம் தையல் வேண்டியிருக்கும், தழும்பும் இருக்கும்.

டியூபோடு வீட்டுக்கா, குடிக்கும் வரை வார்டிலா?

மற்ற எல்லாம் சரியாகி, பால் குடிப்பது மட்டுமே பாக்கி என்ற நிலையில் இந்தக் கேள்வி வரும். வார்டில் விழுங்குதல் பயிற்சியாளர் அருகில் இருப்பார். டியூப் கழன்றால் நர்ஸ் ஐந்து நிமிடத்தில் வருவார். ஆனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேறு கை பால் கொடுக்கும், தொற்று அபாயம் இருக்கும், தாயோடு தோல் ஒட்டிக் கிடக்கும் நேரம் குறையும். வீட்டில் ஒரே கை, ஒரே மடி, பசிக்கும் நேரத்துக்குப் பால். அவசரம் என்றால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஆஸ்பத்திரியும், முழுமையாகப் பயிற்சி பெற்ற இரண்டு பெரியவர்களும் இருந்தால் வீடே மேல். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டு போவது போதாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றிரவு யார் டியூப் போடுவது?

கிளம்பும் முன் இருவரும் தனித்தனியாக டியூபைச் சொருகி, இடம் சரிபார்த்து, பால் விட்டுக் காட்டியிருக்க வேண்டும். மூச்சுத் திணறினால் செய்யும் முதலுதவியையும் கற்றிருக்க வேண்டும். ஒரு முழு இரவு நர்ஸ் கைவைக்காமல் நீங்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒத்திகையைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் எடை சில நாட்களாகச் சீராக ஏறியிருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் என்பது பொதுக் கணக்கு. மூச்சு நின்று நின்று வருவது ஓய்ந்து எத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதை அந்தக் குழுவே சொல்லும். அதைச் சுருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

மொத்தமாகவா, பம்பிலா?

இரைப்பை தாங்கினால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மொத்தமாக விடுவதே இயல்புக்கு நெருக்கமானது. பசியும் நிறைவும் மாறி மாறி வரும். 4 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மி.லி. என்று வைத்தால் நாளுக்கு 600, எட்டு வேளைக்கு 75 மி.லி. வீதம். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, குழந்தைக்கு 15 செ.மீ. உயரத்தில் பிடித்து, தானாக இறங்க விடுங்கள். இருபது முப்பது நிமிடம் ஆகட்டும். வேகம் கூடினால் கையைத் தாழ்த்துங்கள், தண்டால் அழுத்தித் தள்ளாதீர்கள். நடுவில் இருமல், நிறம் மாறுதல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் ஒன்றிரண்டு மி.லி. சுத்தமான நீரால் அலசுங்கள். திரவ அளவு கட்டுப்படுத்தப்பட்ட குழந்தைக்கு அந்த நீரும் கணக்கில் சேரும்.

இதயக் குழந்தைக்கு இந்தக் கணக்கு இடிக்கும். நாளுக்குக் கிலோவுக்கு 120 மி.லி. மட்டுமே என்று கட்டுப்பாடு வந்தால் மொத்தம் 480 மி.லி. சாதாரணப் பாலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 67 கலோரி. அப்படியானால் கிலோவுக்குச் சுமார் 80 கலோரிதான் போய்ச் சேரும். இப்படிப்பட்ட குழந்தைக்குக் கிலோவுக்கு 120 கலோரியும் அதற்கு மேலும் தேவைப்படும். அதனால் பாலை 100 மி.லி.க்கு 80, 100 கலோரி வரை செறிவாக்குவார்கள். ஊட்டச்சத்து நிபுணர் எழுதிக் கொடுத்த கலவையைத் துளியும் மாற்றாதீர்கள். இன்னொரு கரண்டி பால்பொடி கூடினால் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் அது சுமை.

மொத்தமாக விட்டால் வாந்தி, எடை ஏறவில்லை என்றால் பம்ப் உதவும். பகலில் மொத்தமாக, இரவில் பம்ப் என்று கலந்தும் செய்யலாம். பெற்றோர் தூங்க முடிவதும் குழந்தைக்கு நல்லதே. பிழிந்த தாய்ப்பாலைப் பம்பில் ஓட்டும்போது கொழுப்பு மேலே மிதந்து குழாயில் ஒட்டிக்கொண்டு, மெலிந்த பாலே குழந்தைக்குப் போகும். சிரிஞ்ச் பம்ப் என்றால் நுனி மேலே பார்த்தபடி சாய்த்து வையுங்கள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒரு முறை ஊற்றிய பாலை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடாதீர்கள். இரவில் நீண்ட குழாய் கழுத்தில் சுற்றி உயிர் போன குழந்தைகள் உண்டு. 2022-ல் இதற்கென்றே அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. குழாயை உடைக்குள்ளே விட்டு, கால் பக்கமாக வெளியே எடுங்கள்.

எந்த டியூப் ஆனாலும் வாயைச் சும்மா விடக் கூடாது

டியூபில் பால் இறங்கும்போது சூப்பானையோ, பாலைப் பிழிந்தெடுத்த மார்பையோ சப்பக் கொடுங்கள். வாயில் சப்புவதையும் வயிறு நிறைவதையும் குழந்தை இணைத்துக்கொள்ளும்; குறைமாதக் குழந்தைகளில் இது வாய்ப்பாலுக்கு மாறும் காலத்தைக் குறைப்பதாகத் தெரிந்திருக்கிறது. புரையேறும் குழந்தைக்குப் பயிற்சியாளர் அனுமதித்தால் ஒரு சொட்டுப் பாலை உதட்டில் தடவலாம். வாயால் குடிக்க அனுமதி இருந்தால் முதலில் வாய், பிறகு மீதி டியூப்: 75-ல் 30 வாயால், 45 டியூபில். வாய் முயற்சியை இருபது, முப்பது நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் சம்பாதித்த கலோரி உழைப்பிலேயே கரைந்துவிடும். ஒருக்களித்த நிலையும் மெதுவாகச் சொட்டும் நிப்பிளும் நல்லவை. தலையைத் திருப்பினால், விரல்களை விரித்தால், நெற்றியைச் சுருக்கினால் அது "போதும்" என்கிறது; அங்கேயே விடுங்கள். கட்டாயப்படுத்தி உள்ளே தள்ளிய பத்து மி.லி. பல வாரப் பழக்கத்தைக் கெடுக்கும்.

நோய் குணமாகாது என்ற நிலையில்

சில குழந்தைகளுக்குக் கேள்வியே வேறு. நோய் குணமாகாது, ஆயுள் குறைவு என்று தெரிந்த பிறகு டியூப் எதைக் கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்க வேண்டும். பசியைத் தீர்த்து, மருந்து கொடுக்க வசதி செய்து, ஆஸ்பத்திரி நாட்களைக் குறைக்குமானால் அங்கேயும் டியூப் நல்ல துணை. குடலே செயலிழந்து, விடும் ஒவ்வொரு மி.லி.யும் வலியாக மாறினால் அளவைக் குறைப்பதும், வாயால் சுகத்துக்காக மட்டும் சில துளிகள் கொடுப்பதும் அன்பான சிகிச்சையின் பகுதிதான்; குழந்தையைக் கைவிடுவதாகாது. வலி தணிப்புக் குழுவை இதற்கு அழைக்கலாம். கடைசி நாட்களுக்கு மட்டும் உரியவர்கள் இல்லை அவர்கள். முடிவு உறுதியாகவில்லை என்றால் கால வரம்பு வைத்து முயலலாம்: ஆறு வாரம் டியூப், எடை, மூச்சு, அழும் நேரம், தூங்கும் நேரம் இவற்றைக் குறித்துவைப்பது, ஆறாவது வாரம் உட்கார்ந்து பேசுவது. அந்தத் தேதியைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

வயிற்று டியூப் சம்மதத் தாள் வந்தால் இவற்றைக் கேளுங்கள். எந்த முறை, ஏன்? எத்தனை முறை மயக்கம்? பால் மறுபடி எப்போது தொடங்கும்? முதல் பட்டனை யார், எப்போது மாற்றுவார்கள்? எட்டு வாரத்துக்குள் கழன்றால் இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது? எடுத்துவிடலாம் என்று சொல்ல என்ன அடையாளம் பார்ப்பீர்கள்? வாயால் முக்கால் பங்குக்கு மேல் சில நாட்கள் தொடர்ந்து குடித்தால் டியூபை நிறுத்திப் பார்க்கும் குழுக்கள் பல. உங்கள் குழுவின் கணக்கு என்ன? மூக்கு டியூபோடு தொடர்வதானால் அடுத்த மறுபரிசீலனை எந்தத் தேதி? ரவுண்ட்ஸில் நின்றபடி இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. அறுவை சிகிச்சை டாக்டர், குழந்தை மருத்துவர், விழுங்குதல் பயிற்சியாளர், ஊட்டச்சத்து நிபுணர், தினமும் உங்கள் குழந்தையைப் பார்க்கும் நர்ஸ் எல்லோரும் உட்காரும் அரைமணி நேரக் கூட்டம் ஒன்றைக் கேளுங்கள். வீட்டில் ராத்திரி டியூபோடு உட்காரப்போகும் இன்னொருவரையும் அந்த அறைக்குக் கூட்டிப்போங்கள்.